எடைக்கல்லை எடை போடுகிறவர்கள்



இந்த மாத அட்டையைப் பார்த்துவிட்டு, "இதென்ன மாத்திரை டப்பாவா?" என்று கேட்கப் போகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். எங்கள் அலுவலகத்திலேயே அந்தக் கேள்வி எழுந்துவிட்டது. அறிவியல் சிறப்பிதழ் என்றால் ராக்கெட் போட வேண்டும், போனால் போகிறது என்று ஒரு தொலைநோக்கியாவது போட வேண்டும். கடை வாசலில் கிளிப் மாட்டித் தொங்கும்போது நாலு பேர் கண்ணை இழுக்க வேண்டாமா என்று வடிவமைப்பாளர் வாதாடிப் பார்த்தார். வியாபாரக் கணக்கில் அவர் சொன்னது சரி. இருந்தாலும் உருளையே இருக்கட்டும் என்றேன். ராக்கெட்டுக்கு விளம்பரம் செய்ய ஊரே இருக்கிறது.

அட்டையில் இருப்பதன் உயரம் 39 மில்லிமீட்டர், குறுக்களவும் அதே 39. பத்தில் ஒன்பது பங்கு பிளாட்டினம், ஒரு பங்கு இரிடியம். பெயர் கிடையாது, எண்தான் உண்டு: 57. புதுடெல்லியில் டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் சாலையில் இருக்கிற தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. வெகுகாலம் இந்தியாவின் கிலோகிராம் என்றால் இதுதான். காய்கறிக் கடையில் தக்காளி, துறைமுகத்தில் நிலக்கரி, நகைக்கடையில் சங்கிலி என்று யார் எதை எடை போட்டாலும், "இது சரியான எடைதானா?" என்று விடாமல் கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் இந்த உருளையின் முன்னால்தான் வந்து நிற்க வேண்டியிருந்தது.

ஆய்வகம் என்றதும் நமக்குக் கண்டுபிடிப்பு ஞாபகம் வருகிறது. புதிதாக என்ன கண்டுபிடித்தார்கள், அதில் நமக்கு என்ன லாபம் என்ற இரண்டு கேள்விகளோடு வரிப்பணக் கணக்கை மூடிவிடுகிறோம். இந்த ஆய்வகம் புதிதாகச் செய்தவையும் உண்டு. கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன். ஆனால் அதன் முதல் வேலை, நேற்று ஒரு கிலோவாக இருந்தது இன்றைக்கும் ஒரு கிலோவாக இருக்கிறதா என்று பார்ப்பது. பார்த்துக்கொண்டே இருப்பது. செய்தியாகவே ஆகாத வேலை. அது சரியாக நடக்கிற வரை யாருக்கும் தெரியாது.

அந்த ஆய்வகத்தின் பிறந்தநாள் எனக்குப் பிடித்த ஒன்று. 1947 ஜனவரி 4 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். நாடு விடுதலை பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. 1950 ஜனவரி 21 அன்று வல்லபாய் படேல் திறந்துவைத்தார். குடியரசு பிறக்க ஐந்து நாள் இருந்தது. பிரிவினை, அகதிகள், பஞ்சம் என்று தலைக்கு மேல் கிடந்த காலத்தில், எடையும் நீளமும் வெப்பமும் அளக்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். கட்டடம் எழும்பும் முன்பே இயக்குநரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அவர் வத்திராயிருப்புக்காரர்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் 1898 டிசம்பர் 4 அன்று பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று படித்துவிட்டு, கல்கத்தாவுக்குப் போய் 1923-இல் சி. வி. ராமனிடம் சேர்ந்தார். 1928 பிப்ரவரி 28 அன்று உறுதிப்பட்ட ராமன் விளைவின் சோதனைகளில் ராமனுக்கு வலது கையாக இருந்தவர் இவர். 'நேச்சர்' இதழில் வந்த முதல் குறிப்பில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த இதழ் பட்டிமன்றமாகிவிடும்; இரு தரப்புக்கும் நம் வாசகர்களிலேயே வக்கீல்கள் இருக்கிறார்கள். எனக்கு அதைவிட, கிருஷ்ணன் அடுத்துச் செய்ததில்தான் அதிக ஈடுபாடு.

1928 டிசம்பரில் அவர் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே படிகங்களின் காந்தக் குணத்தை அளக்க ஆரம்பித்தார். ஒரு படிகத்தைக் காந்தப் புலத்தில் வைத்தால், ஒரு திசையில் அது காந்தத்துக்கு ஒரு மாதிரியும் இன்னொரு திசையில் வேறு மாதிரியும் மசியும். அந்த வித்தியாசம் மிகச் சிறியது. கிருஷ்ணன் என்ன செய்தார் என்றால், சின்னஞ்சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, இழையின் மேல்நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே போனார். காந்தத்தின் பிடியில் இருப்பதால் படிகம் உடனே திரும்பாது, இழைதான் முறுக்கேறும். ஒரு குறிப்பிட்ட கோணம் வந்ததும் படிகம் பிடி விட்டுச் சட்டென்று சுழன்றுவிடும். அது எந்தக் கோணத்தில் சுழன்றது என்பதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும், மிச்சம் கணக்கு. ஓர் இழை, ஒரு காந்தம், ஒரு கோணமானி, பதறாத கை. உலகம் முழுக்கப் பிறகு இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். 1940-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1958-இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசை முதன்முதலாக வழங்கியபோது அதைப் பெற்றவரும் அவர்தான்.

இப்படிப்பட்ட ஒருவரிடம் நாட்டின் எடைக்கல்லை ஒப்படைத்தது பொருத்தமா, வீணா என்று அன்றைக்கே சிலர் கேட்டிருக்கக்கூடும். பெரிய விஞ்ஞானியை நிர்வாக நாற்காலியில் உட்கார வைத்தால் விஞ்ஞானியும் போச்சு, நாற்காலியும் போச்சு என்பது நாம் பல இடங்களில் பார்த்தது. இங்கே அப்படி ஆகவில்லை. இழை முறுக்கேறும் வரை காத்திருக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்த வேலை லாயக்கு என்பது என் எண்ணம். 1961 ஜூனில் காலமாகும் வரை அவர்தான் இயக்குநர்.

அவர் காலத்தில் ஆய்வகம் செய்த இரண்டு பொருள்களைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று எல்லாருக்கும் தெரியும், மற்றதை அநேகமாக எல்லாரும் மறந்துவிட்டோம்.

மறந்துபோனது சூரிய அடுப்பு. ஐம்பதுகளின் தொடக்கத்தில், பளபளக்கும் குழிந்த தகடு ஒன்றை வெயிலுக்கு நேராகத் திருப்பி, ஒளி குவிகிற இடத்தில் பாத்திரத்தை வைக்கும் அடுப்பை உருவாக்கினார்கள். சாணத்தை எரிக்காமல் வயலுக்கு உரமாக விடலாம், விறகு வெட்ட வேண்டாம் என்ற நல்ல எண்ணம். நேருவுக்கும் அதில் பெரிய ஆர்வம். பத்திரிகைகள் புகழ்ந்தன. கடைக்கு வந்தது, விற்கவில்லை. சாதாரணக் குடும்பத்துக்கு விலை கட்டுப்படியாகவில்லை என்பது ஒரு காரணம். உச்சி வெயிலில் முற்றத்தில் நின்று, சூரியன் நகர நகரத் தகட்டைத் திருப்பிக்கொண்டே குழம்பு வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. நம் வீடுகளில் அடுப்பு பற்றுவது விடியற்காலையிலும் அந்திக்குப் பிறகும். சமைக்கிறவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சூரியன் இல்லாத நேரத்தில்தான் அடுப்பு வேண்டும் என்று சொல்லியிருப்பார்.

எல்லாருக்கும் தெரிந்தது, ஓட்டுப் போட்டதும் இடது ஆள்காட்டி விரலில் வைக்கிற மை. முதல் பொதுத்தேர்தல்களில் ஒரே ஆள் இரண்டு மூன்று முறை ஓட்டுப் போடுவது பெரிய தலைவலியாக இருந்தது. சோப்பு, எண்ணெய், எலுமிச்சை எதற்கும் போகாத மை ஒன்று வேண்டும் என்று தேர்தல் ஆணையம் இந்த ஆய்வகத்தைக் கேட்டது. அந்த மையில் வெள்ளி நைட்ரேட் இருக்கிறது. தோலில் இருக்கும் உப்போடு சேர்ந்ததும் அது தண்ணீரில் கரையாத வெள்ளிக் குளோரைடாகிறது. வெளிச்சம் பட்டதும் கருக்கிறது. பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் உருவம் தெரிந்ததும் இதே வேதியியலால்தான். நகம் வளர்ந்து வெட்டுப்படும் வரை போகாது. மீதிச் சேர்மானம் இன்றைக்கும் ரகசியம். 1962 தேர்தலில் இருந்து மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் என்ற கர்நாடக அரசு நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. 25-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இங்கிருந்து போயிருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு மட்டும் 26 லட்சத்துக்கும் மேலான குப்பிகள்.

ஒரே ஆய்வகம், ஒரே காலம், ஏறக்குறைய ஒரே மாதிரி மூளைகள். மையைக் கேட்டு ஒருவர் வாசலில் நின்றார். அவருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கே துல்லியமாகத் தெரிந்திருந்தது. அடுப்பை யாரும் கேட்கவில்லை. மக்களுக்கு நல்லது என்று மேலிருந்து இறக்குகிற திட்டங்களைப் பற்றி நம் பக்கங்களில் எத்தனையோ கட்டுரைகள் வந்திருக்கின்றன. அந்த வரிசையில் இந்தப் பளபளத் தகட்டுக்கும் ஓர் இடம் உண்டு. தோற்றதைச் சொன்னதால் ஆய்வகத்தின் மரியாதை குறையாது என்றும் நம்புகிறேன்.

சரி, உருளைக்கு வருவோம்.

எடைக்கல்லைப் பாதுகாப்பது நமக்குப் புதிதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தால், ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், நகைகளை 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லாலும் நிறுத்ததாகக் குறித்திருக்கிறார்கள். நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். அது ராஜகேசரி மரக்காலுக்குச் சமம் என்பதையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். இவ்வளவு பொன் கொடுத்தேன் என்று பெருமையடித்துக்கொள்ளத் தொகை மட்டும் போதும். எந்தக் கல்லால் நிறுத்தேன் என்று எழுதுகிறவன், நாளைக்கு யாராவது சரிபார்க்க வரட்டும் என்று நினைக்கிறவன். நிலம் அளந்த கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே கோடாகச் செதுக்கி வைத்த ஊர்களும் தமிழ்நாட்டில் பல உண்டு. சண்டை வந்தால் கயிற்றை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போக வேண்டியதுதான்.

ஆனால் ஒவ்வோர் ஊர்ச் சுவரிலும் ஒவ்வொரு கோல். அதுதான் தொல்லை. கும்பினியார் காலத்துச் சென்னை அட்டவணையில் 3 தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். தஞ்சைப் பக்கம் போனால் படி வேறு, மரக்கால் வேறு. வடக்கே சேர், அதுவும் ஜில்லாவுக்கு ஜில்லா கூடும், குறையும். வாங்கும்போது பெரிய படி, விற்கும்போது சின்னப் படி என்று பிழைத்தவர்களைப் பற்றி நம் கிராமங்களில் இன்னும் கதை இருக்கிறது.

1956-இல் எடை அளவுத் தரச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயாபைசா. ஓரணாவுக்கு ஆறேகால் நயாபைசா என்று ஆனதில் தபால் நிலையத்திலும் பஸ்ஸிலும் நடந்த தகராறுகள் தனிப் புத்தகம் போடுமளவு இருக்கும். 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாகக் கிலோவும் கிராமும் சந்தைக்கு வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெரும்பான்மையாக இருந்த நாடு, நாலைந்து ஆண்டுகளில் வீசையையும் மணங்கையும் விட்டுக் கிலோவுக்கு மாறியது. இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு நம் இலக்கியத்தில் ஒரு நல்ல நாவல்கூட எழுதப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. எழுதியிருந்தால் சொல்லுங்கள்.

கிலோ சந்தைக்கு வர வேண்டுமானால் அது எங்கிருந்தாவது இறங்கி வர வேண்டும். டெல்லி உருளையோடு ஒப்பிட்ட கற்கள் மண்டலத் தர ஆய்வகங்களுக்குப் போகின்றன; தென்னிந்தியாவுக்கு அது பெங்களூரில் இருக்கிறது. அங்கே ஒப்பிட்டவை மாநிலத்துக்கு, மாநிலத்தில் ஒப்பிட்டவை ஆய்வாளர் கைக்கு, ஆய்வாளர் கையில் இருப்பது கடைக்காரர் தராசுக்கு. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. எலெக்ட்ரானிக் தராசு என்றால் ஆண்டுக்கு ஒரு முறையும், இரும்பு எடைக்கற்கள் என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் முத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். முத்திரைச் சான்றிதழைக் கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்பதும் விதி. பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குடுவையில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 25 மில்லிலிட்டர் வரை கூடலாம், குறையலாம், அதற்கு மேல் போகக் கூடாது. பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கும். அடிக்கட்டும்.

இந்தச் சங்கிலியின் மேல் கண்ணியில் வேலை எப்படி நடக்கிறது என்பதை எழுதத்தான் இந்த இதழையே தயார் செய்தோம் என்றுகூடச் சொல்லலாம். ஒரு கிலோ பிளாட்டினக் கல்லையும் ஒரு கிலோ எஃகுக் கல்லையும் ஒப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாட்டினம் கனமான உலோகம். ஒரு கிலோவுக்கு 47 கன சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். எஃகுக்கு 125 வேண்டும். தண்ணீரில் மூழ்கிய பொருளைத் தண்ணீர் மேலே தள்ளுவது மாதிரியே காற்றும் தள்ளுகிறது. பெரிதாக இருக்கும் எஃகைக் கூடுதலாகத் தள்ளும். அந்த ஒரு காரணத்தால் மட்டும் தராசில் ஏறக்குறைய 95 மில்லிகிராம் வித்தியாசம் காட்டும், இரண்டும் அச்சு அசலாக ஒரு கிலோவாக இருந்தாலும். ஆகவே காற்றின் அடர்த்தி தெரிய வேண்டும். அதற்கு அறையின் வெப்பமும் அழுத்தமும் ஈரமும் தெரிய வேண்டும். கல்லைக் கையால் தொடக் கூடாது, விரல் ரேகையின் எண்ணெய்க்கும் எடை உண்டு. தராசுக்குப் பக்கத்தில் ஆள் நின்றால் உடம்புச் சூட்டில் காற்று அசையும். அதனால் தள்ளி நின்று எந்திரக் கையால்தான் கல்லை மாற்றுவார்கள். பிறகு அதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு சான்றிதழ் எழுதுகிறார்கள். அதைத்தான் நான் உங்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறேன். உதாரணத்துக்கு இப்படி இருக்கும்: இந்தக் கல் ஒரு கிலோவைவிட 0.3 மில்லிகிராம் கூடுதல். நாங்கள் சொல்லும் இந்த எண்ணிலேயே 0.1 மில்லிகிராம் மேலே கீழே இருக்கலாம். அந்த எல்லைக்குள் உண்மை இருப்பதற்கு நூற்றுக்கு 95 பங்கு வாய்ப்பு. அளந்ததைச் சொல்வதோடு, தன் அளவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் அளந்து சொல்கிறார்கள். அப்படிச் சொல்லாத சான்றிதழை உலகத்தில் வேறெந்த ஆய்வகமும் ஏற்காது. நான் பார்த்த அரசாங்கக் காகிதங்களில், தான் எவ்வளவு தவறாக இருக்கக்கூடும் என்று தானே எழுதிக் கையெழுத்தும் போடுகிற காகிதம் இது ஒன்றுதான். கருத்துக் கணிப்புக்காரர்களும், மழை எத்தனை சென்டிமீட்டர் பெய்யும் என்று செல்போனில் சொல்கிறவர்களும், ஏன், தலையங்கம் எழுதுகிற நாங்களும் இந்தப் பழக்கத்துக்கு வந்தால் நாட்டில் பாதிச் சத்தம் குறையும்.

57-க்கும் மேலே ஒன்று இருந்தது. பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற ஊரில் 1889 முதல் மூன்று பூட்டுகளுக்குள் வைத்திருந்த மூல உருளை. உலகத்துக்கே அதுதான் கிலோ. 57 அதன் வாரிசுகளில் ஒன்று. அவ்வப்போது அதைப் பத்திரமாகக் கையில் எடுத்துக்கொண்டு அங்கே போய் ஒப்பிட்டுவிட்டு வருவார்கள். இப்படி ஒவ்வொரு நாடும் செய்து பார்த்ததில் ஒரு விபரீதம் தெரிந்தது. நூறு ஆண்டில் மூல உருளைக்கும் அதன் நகல்களுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் விழுந்திருந்தது. நகல்கள் கனத்தனவா, மூலம் இளைத்ததா? கேட்கவே முடியாத கேள்வி. மூலம் எவ்வளவு இருக்கிறதோ அதுதான் கிலோ என்று சட்டம் போட்டுவிட்டதால் அது இளைக்கவே முடியாது. அது இளைத்தால் உலகம் மொத்தமும் கனத்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த விசித்திரத்துக்கு முடிவு கட்ட 2018 நவம்பர் 16 அன்று வெர்சாயில் கூடி வாக்களித்தார்கள். பிளாங்க் மாறிலி என்னும் இயற்கையின் எண்ணை 6.62607015 என்று தொடங்கி மாற்ற முடியாதபடி நிர்ணயித்து, கிலோவை அதிலிருந்து பெறுவது என்று முடிவானது. எடையை மின்காந்த விசையால் தாங்கிப் பிடித்து, அந்த மின்சாரத்தை அளந்து கிலோவைச் சொல்லும் கருவிக்கு அதை உருவாக்கிய ஆங்கிலேயர் பிரையன் கிப்பிளின் பெயர். 2019 மே 20 முதல் புதிய வரையறை நடப்புக்கு வந்தது. 1875-இல் 17 நாடுகள் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட அதே தேதி. இந்தியா அதில் சேர்ந்தது 1957-இல். புதிய வரையறை வந்த அன்று காலை கோயம்பேட்டில் தக்காளி விலையிலோ எடையிலோ ஒரு மாற்றமும் இல்லை. மாறாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அத்தனை ஆண்டு உழைத்தார்கள். 57 ஓய்வு பெறவில்லை, பதவி மட்டும் இறங்கியிருக்கிறது.

எடையைப் போலவே நேரமும் இந்த ஆய்வகத்தின் பொறுப்பு. சீசியம் அணு 9,192,631,770 முறை அதிர்ந்தால் ஒரு வினாடி. அதை எண்ணுகிற கடிகாரங்கள் அங்கே ஓடுகின்றன, இந்திய நேரத்தை அவைதான் சொல்கின்றன. இதற்கு முன்னால் நேரம் சொன்ன ஊர் சென்னை. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகம் கணித்த மெட்ராஸ் நேரத்தில்தான் இந்தியாவின் ரயில்கள் ஓடின. 1906-இல் வந்த இந்திய நேரத்தைவிட அது சுமார் 9 நிமிடம் பின்தங்கியது. அந்த வானாய்வகத்தின் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது, தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். பார்க்காதவர்கள் அனுமதி வாங்கிப் போய்ப் பாருங்கள்.

பூமியின் சுழற்சி அணுக் கடிகாரத்தோடு ஒத்துப்போவதில்லை. அதனால் எப்போதாவது ஒரு வினாடியைக் கூடுதலாகச் செருக வேண்டியிருக்கும். கடைசியாகச் செருகியது 2017 ஜனவரி 1 அன்று நம் நேரப்படி காலை 5 மணி 29 நிமிடம் 59 வினாடிக்குப் பிறகு. 5:30 ஆகியிருக்க வேண்டும். ஆகாமல் 60-ஆவது வினாடி என்று ஒன்று வந்து போனது. மார்கழி மாதம். பெருமாள் கோயில்களில் திருப்பாவை ஓடிக்கொண்டிருந்த நேரம். கூடுதலாகக் கிடைத்த அந்த வினாடியை நாம் யாரும் கவனிக்கவில்லை, டெல்லியில் சிலர் விழித்திருந்து செருகிவிட்டார்கள்.

தங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்த்த காலம் போய், 2021 ஜூன் முதல் ஹால்மார்க் கட்டாயமானது. 916 என்ற எண்ணைச் சொல்லும் கருவிக்கும் ஒரு 'இதுதான் சுத்தத் தங்கம்' என்ற ஆதாரம் வேண்டுமே. 9999 தூய்மையுள்ள அந்த ஒப்பீட்டுத் தங்கத்தை முன்பு வெளிநாட்டிலிருந்து வாங்கினார்கள். தேசிய இயற்பியல் ஆய்வகம், பாபா அணு ஆராய்ச்சி மையம், மும்பை நாணயச்சாலை ஆகியவை சேர்ந்து இப்போது இங்கேயே செய்கின்றன. விரிவான கட்டுரை உள்ளே இருக்கிறது. நகை வாங்கப் போகும் முன் படித்துவிடுங்கள்.

காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், அடையாறு தோல் ஆய்வகம், தரமணி கட்டடப் பொறியியல் ஆய்வகம் ஆகியவை பற்றியும் இந்த இதழில் எழுதியிருக்கிறோம். டெல்லிக்காரரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாரே என்று அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்களுக்கு ஒரு வேலை. வீட்டுப் பரணில் பழைய படி, உழக்கு, மரக்கால், வீசைக்கல் ஏதாவது கிடந்தால் இறக்கித் துடைத்துப் பாருங்கள். விளிம்பில் சர்க்கார் முத்திரை இருக்கலாம். அதைப் படம் எடுத்து, எந்த ஊரில் புழங்கியது என்று எழுதி அனுப்புங்கள். முடிந்தால் அந்தப் படியில் அரிசியை நிரப்பி, வீட்டுத் தராசிலோ தெருமுனைக் கடையிலோ நிறுத்து, எத்தனை கிராம் என்பதையும் குறிப்பிடுங்கள். தலை தட்டி அளந்தீர்களா, கோபுரமாகக் குவித்தா என்பதும் வேண்டும். ஒரு முறையோடு நிறுத்தாமல் மூன்று முறை அளந்து மூன்று எண்ணையும் எழுதுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்காது. திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள். அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் வந்துசேரும் கடிதங்களை வைத்து, தமிழ்நாட்டின் படி எந்த ஊரில் எவ்வளவு என்று ஒரு வரைபடம் போடலாம் என்றிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்